தீக்குச்சி சொல்லும் பாடம்

முன்னுரை

உழைப்பே உயர்வு தரும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த உழைப்பைத் தேடிச் சென்ற இடத்தில் கை விரலை இழந்தவரும், பார்வையை இழந்தவரும், உயிரையே இழந்தவரும் நம் ஊர்களில் உண்டு. இத்தகைய விபத்து நடந்தவுடன் அதற்கு நாம் கூறும் காரணங்கள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று விதி; மற்றொன்று கவனக்குறைவு. முதற்காரணம் யாரையும் கேள்வி கேட்பதில்லை. இரண்டாவது காரணம் அடிபட்டவரையே குற்றவாளி ஆக்கிவிடுகிறது. இரண்டுமே அடுத்த விபத்தைத் தடுப்பதில்லை.

விபத்தையும் தொழில்நோயையும் முன்கூட்டியே ஆராய்ந்து தடுக்க ஒரு முறை உண்டு. அது மூன்று படிகளைக் கொண்டது. வேலை செய்யும் இடத்தில் கேடு விளைவிக்கக்கூடியது எது என்று அறிதல் முதற்படி. அக்கேடு எந்த அளவுக்கு நேரக்கூடும் என்று அளத்தல் இரண்டாம் படி. அதனைத் தகுந்த வழியால் அடக்குதல் மூன்றாம் படி. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்துத் தரும் ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே. இம்மூன்று படிகளையும், நம் அனைவருக்கும் பழக்கமான தீக்குச்சியின் வரலாற்றையும், அதன் உறவுத் தொழிலான பட்டாசுத் தொழிலையும் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அபாயமும் இடரும்

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். தீங்கு செய்யும் ஆற்றல் உடைய பொருளையோ நிலைமையையோ அபாயம் என்கிறோம். அத்தீங்கு உண்மையில் ஒருவருக்கு நேரும் வாய்ப்பையும், நேர்ந்தால் அதன் கடுமையையும் சேர்த்து இடர் என்கிறோம். பேச்சு வழக்கில் இரண்டையும் கலந்தே வழங்குகிறோம். ஆராய்ச்சிக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

தோட்டத்துக் கிணறு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கிணற்றின் ஆழம் அபாயம். அது காலையிலும் இரவிலும், பெரியவருக்கும் குழந்தைக்கும் ஒன்றே. ஆனால் இடர் அவ்வாறன்று. சுற்றுச்சுவர் இருக்கும் கிணற்றில் இடர் குறைவு. இல்லாத கிணற்றில் மிகுதி. பகலில் குறைவு, இருட்டில் மிகுதி. அன்றாடம் தண்ணீர் இறைப்பவருக்கு ஓர் அளவு. அவ்வழியே ஓடி விளையாடும் சிறுவனுக்கு வேறு அளவு. எனவே, அபாயத்தைக் கண்டவுடன் அஞ்சி ஓடுவது அறிவன்று. அதனோடு பழகிவிட்டோம் என்று அலட்சியம் செய்வதும் அறிவன்று. அந்த அபாயத்துக்கும் மனிதனுக்கும் இடையே என்ன தடுப்பு இருக்கிறது என்று பார்ப்பதே அறிவு.

முதற்படி: அறிதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில், வெண்பாஸ்பரஸ் கலந்த தீக்குச்சிகள் ஐரோப்பாவில் பரவத் தொடங்கின. எங்கு உரசினாலும் பற்றக்கூடியவை அவை. சிக்கிமுக்கிக் கல்லோடு போராடிய மக்களுக்கு அது பெரும் வசதியாக இருந்தது. ஆனால் அக்குச்சிகளைச் செய்த தொழிலாளர் அதற்கு விலை கொடுத்தனர். வெண்பாஸ்பரஸின் ஆவியை நாள்தோறும் சுவாசித்தவர்களில் சிலருக்குப் பல் வலி தோன்றும். பிறகு ஈறு வீங்கிச் சீழ் பிடிக்கும். முடிவில் தாடை எலும்பே செத்துப்போகும். எலும்பை அறுத்து நீக்கியே பலரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. உயிர் பிழைக்காதவரும் உண்டு. வியன்னா நகர மருத்துவர் லோரின்சர் 1845 ஆம் ஆண்டிலேயே இந்நோயைத் தீக்குச்சித் தொழிலோடு தொடர்புபடுத்தி எழுதினார்.

இங்கே நாம் கற்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இயந்திரத்தில் கை சிக்கினால் அந்த நொடியே அனைவரும் அறிவர். தொழில்நோய் அவ்வாறு வருவதில்லை. ஆலையில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்தே தாடைநோய் வெளிப்பட்டது. அதற்குள் சிலர் வேலையை விட்டும் சென்றிருப்பர். 'சொத்தைப் பல்லுக்கு ஆலை பொறுப்பாகுமா?' என்று முதலாளி கேட்பது எளிதாயிற்று. நோயைக் கண்டறிய வேண்டுமானால் நோயாளியின் தொழிலைக் கேட்க வேண்டும். 1700 ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் வெளியிட்ட இத்தாலிய மருத்துவர் ராமசினி, நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியது இதனால்தான்.

1888 ஆம் ஆண்டு சூலையில் இலண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த தீக்குச்சி ஆலை ஒன்றில் ஏறத்தாழ 1400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்கு முந்தைய மாதத்தில் அவர்களுடைய நிலையைத் தம் இதழில் எழுதி வெளிக்கொணர்ந்தவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையார் ஆவார். அப்பெண்கள் பெற்ற உரிமைகளுள் ஒன்று, உணவு உண்ணத் தனி அறை. பாஸ்பரஸ் ஆவி படியும் அறையிலேயே ரொட்டியையும் வைத்து உண்ண வேண்டியிருந்த நிலையை அவர்கள் மாற்றினர். வேதியியல் படியாத பெண்கள்தாம் அவர்கள். ஆயினும் நஞ்சு எவ்வழியாக வாய்க்குள் செல்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒரு வேலையின் அபாயத்தை முதலில் அறிபவர் அவ்வேலையைச் செய்பவரே என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

ஆகவே அபாயங்களை அறிய விரும்புவோர் மேசை முன் அமர்ந்து பட்டியல் எழுதினால் போதாது. வேலை நடக்கும் இடத்தை நடந்து பார்க்க வேண்டும். வேலை செய்வோரிடம், 'இங்கு உங்களுக்கு அச்சம் தருவது எது?' என்று கேட்க வேண்டும். பழைய விபத்துப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாரத்திலிருந்து விழுந்த செங்கல் யார் தலையிலும் படவில்லை என்பது நற்பேறு, ஆனால் செங்கல் விழுந்தது என்பது உண்மை. வழக்கமான வேலையோடு நில்லாமல் பழுது பார்க்கும் நேரம், கழுவித் துடைக்கும் நேரம், மின்சாரம் நின்று மீண்டும் வரும் நேரம் ஆகியவற்றையும் எண்ண வேண்டும். இந்நேரங்களில்தான் வழக்கமான தடுப்புகள் அகற்றப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: அளத்தல்

கண்டறிந்த அபாயங்கள் அனைத்தையும் ஒரே நாளில் தீர்க்க இயலாது. எதை முதலில் கவனிப்பது? இதற்கு ஓர் எளிய கணக்கு வழக்கில் உள்ளது. தீங்கின் கடுமைக்கு 1 முதல் 5 வரை ஓர் எண் தருகிறார்கள். சிறு கீறலுக்கு 1, உயிரிழப்புக்கு 5. அத்தீங்கு நேரும் வாய்ப்புக்கும் அவ்வாறே 1 முதல் 5 வரை ஓர் எண் தருகிறார்கள். இரண்டையும் பெருக்கினால் வருவது இடரின் அளவு. அது 1க்கும் 25க்கும் இடையே அமையும். எண் பெரிதாயின் கவனம் முந்த வேண்டும்.

பட்டாசு ஆலை ஒன்றில் இரண்டு வேலைகளை இக்கணக்கால் ஒப்பிடுவோம். காகிதக் குழாய் வெட்டும் இடத்தில் விரலில் வெட்டுக்காயம் அடிக்கடி நேர்கிறது. கடுமை 2, வாய்ப்பு 5, பெருக்கினால் 10. மருந்து கலக்கும் அறையில் தீப்பற்றினால் உயிரிழப்பு உறுதி. ஆனால் அது அரிதாகவே நேர்கிறது. கடுமை 5, வாய்ப்பு 2. பெருக்கினால் அதுவும் 10. எண்கள் ஒன்றாயினும் இவ்விரு இடர்களும் ஒன்றா? ஒருபோதும் இல்லை. எனவே பெருக்கற்கணக்கு வழிகாட்டி மட்டுமே, தீர்ப்பன்று. பலர் உயிரைப் பறிக்கக்கூடிய அபாயத்தை, அரிதாக நேர்கிறது என்னும் காரணத்தால் பின்னுக்குத் தள்ளலாகாது.

அரிது என்னும் சொல்லையும் சற்று ஆராய வேண்டும். ஓர் அறையில் ஆயிரம் நாட்களுக்கு ஒருமுறை மருந்து தீப்பற்றக்கூடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவ்வறையில் ஓராண்டாக வேலை செய்பவர், 'இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே' என்று துணிவு கொள்வார். ஆனால் அத்தகைய அறைகள் 10 இருந்து, ஆண்டுக்கு 300 நாட்கள் வேலை நடந்தால், மொத்தம் 3000 அறைநாட்கள் ஆகின்றன. சராசரியாக ஆண்டுக்கு மூன்று முறை தீப்பற்றும். ஒரு தொழிலாளியின் கண்ணுக்கு அரிதாகத் தெரிவது, ஊருக்கு ஆண்டுதோறும் நிகழ்வதாக இருக்கிறது. அனுபவம் சிறந்த ஆசான் என்பது உண்மை. ஆனால் ஒருவருடைய அனுபவம் மட்டும் இங்குப் போதுமான ஆசான் அன்று.

கடுமையை அளக்கும்போது மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். எவ்வளவு மருந்து ஓரிடத்தில் உள்ளது? எத்தனை பேர் அருகில் உள்ளனர்? ஒன்று வெடித்தால் அது அடுத்ததைத் தொடுமா? 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களில் பலர் அவ்வாலையின் தொழிலாளர் அல்லர். முதல் தீயைக் கண்டு உதவுவதற்கும் பார்ப்பதற்கும் ஓடிச்சென்ற அக்கம்பக்கத்து மக்கள் என்று அந்நாளைய செய்திகள் தெரிவித்தன. அடுத்தடுத்து நேரும் வெடிப்பையும், ஓடிவரும் மக்களையும் கணக்கில் சேர்க்காத எந்த அளவீடும் குறைபாடு உடையதே என்பதை இவ்விபத்து காட்டியது.

மூன்றாம் படி: அடக்குதல்

இடரை அடக்கும் வழிகள் ஐந்து. அவை வலிமை மிக்கதிலிருந்து வலிமை குறைந்தது வரை வரிசையாக அமைந்தவை. மீண்டும் கிணற்றுக்கே வருவோம். பாழுங்கிணறு ஆயின் அதனை மண் நிரப்பி மூடிவிடலாம். இது அபாயத்தையே நீக்குதல். தண்ணீர் தேவைப்படுமாயின் கிணற்றுக்குப் பதிலாக அடிகுழாய் போடலாம், இது மாற்றுதல். கிணறுதான் வேண்டும் என்றால் சுவர் எழுப்பிக் கம்பி வலை போடலாம், இது தடுத்தல். இருட்டிய பின் யாரும் தண்ணீர் இறைக்கக் கூடாது என்று கட்டளை இடலாம், இது விதிமுறை. கடைசியாக, இறங்குபவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாம். இது தற்காப்புச் சாதனம்.

முதல் மூன்றும் மனிதன் அயர்ந்தாலும் அவனைக் காக்கும். சுவருக்குத் தூக்கம் வராது, பசியும் வராது. பின்னிரண்டும் மனிதன் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறையும் தவறாது நினைவில் வைத்தால் மட்டுமே காக்கும். இவ்வரிசையின் அடிப்படைத் தத்துவம் இதுவே. ஆயினும் நடைமுறையில் நாம் காண்பது தலைகீழ் வரிசை. ஒரு முகமூடியைக் கையில் கொடுத்து, 'எச்சரிக்கை' என்று சுவரில் எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதும் ஆலைகள் பல. முகமூடிக்குச் செலவு குறைவு. சுவருக்குச் செலவு மிகுதி.

தீக்குச்சியின் கதையில் இது தெளிவாகத் தெரியும். தாடைநோய் அறியப்பட்ட பிறகு இங்கிலாந்தில் என்னென்ன செய்தார்கள்? அறைகளுக்குக் காற்றோட்டம் தந்தார்கள். கைகளைக் கழுவச் சொன்னார்கள். பற்களைச் சோதிக்கச் செய்தார்கள். இவை யாவும் பயன் தருவனவே. ஆனால் நோய் ஒழியவில்லை. முன்னர்க் கூறிய அதே இலண்டன் ஆலை, 17 பேருக்கு வந்த தாடைநோயை அரசுக்கு அறிவிக்காமல் மறைத்ததற்காக 1898 ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டது. விதிமுறையை மட்டும் நம்பினால், அதனை மீறுவதும் மறைப்பதும் எளிது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

இதில் வேதனைக்குரிய செய்தி என்னவெனில், மாற்றுப்பொருள் தொடக்கத்திலிருந்தே கையில் இருந்தது. சுவீடன் நாட்டின் பாஷ் என்னும் வேதியியலார் நச்சுத்தன்மையற்ற செம்பாஸ்பரஸைப் பயன்படுத்தும் பாதுகாப்புத் தீக்குச்சிக்கு 1844 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். லண்ட்ஸ்ட்ரோம் அதனைச் செம்மைப்படுத்தினார். இன்று நாம் உரசும் தீக்குச்சியும் அவ்வகையே. அதன் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் செம்பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் பூசப்பட்டிருக்கும். இரண்டும் உரசும்போது மட்டுமே தீ பிறக்கும். தனித்தனியே பிரித்து வைத்தலே அதன் பாதுகாப்பு. ஆனால் வெண்பாஸ்பரஸ் குச்சி விலை மலிவு. எங்கு உரசினாலும் பற்றும். ஆதலால் அதன் விற்பனை நிற்கவில்லை.

பின்லாந்து 1872 ஆம் ஆண்டிலும் டென்மார்க் 1874 ஆம் ஆண்டிலும் அதனைத் தடைசெய்தன. 1891 ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையினர் இலண்டனிலேயே செம்பாஸ்பரஸ் தீக்குச்சி ஆலை ஒன்றைத் தொடங்கி, இவ்வாறும் தொழில் நடத்தலாம் என்று காட்டினர். 1906 ஆம் ஆண்டில் பெர்ன் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை ஏற்பட்டது. பிரிட்டன் 1908 ஆம் ஆண்டிலும் இந்தியா 1913 ஆம் ஆண்டிலும் வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடைசெய்து சட்டம் இயற்றின. நோயின் காரணம் தெரிந்த 1845க்கும் பெர்ன் உடன்படிக்கைக்கும் இடையே 61 ஆண்டுகள் கழிந்தன. அவ்வளவு காலமும் அறிவுக்குப் பஞ்சம் இல்லை, மனத்துக்கே பஞ்சம்.

தடை வந்தால் தொழில் அழியும் என்று அன்றும் கூறினார்கள். அழிந்ததா? சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து தம் ஊரில் தொடங்கியது 1923 ஆம் ஆண்டில். அதாவது, இந்தியாவில் தடைச்சட்டம் வந்த பத்து ஆண்டுகளுக்குப் பின். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட இத்தொழில், தடைக்குப் பின் பிறந்த தொழிலே. தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்ற நம் பாட்டிமார்க்குக் கூலி குறைவு என்ற குறை உண்டு. கண் எரிச்சலும் முதுகு வலியும் உண்டு. ஆனால் தாடை எலும்பு அழுகும் நோய் அவர்களை அண்டவில்லை. அந்நோயின் பெயரைக்கூட நாம் கேள்விப்படாமல் இருப்பதே அச்சட்டத்தின் வெற்றி எனலாம்.

ஆயினும் வேறோர் அநீதி நெடுங்காலம் தொடர்ந்தது. தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் சிறுவர் ஈடுபடுத்தப்பட்டனர். 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசிச் சிறுவர்கள் தொடர்பான வழக்கில் 1996 ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அதற்கு எதிராக எழுந்த முக்கியமான குரல்கள். சிறுவரை அந்த இடத்திலிருந்து விலக்குவதும், நாம் மேலே கண்ட வரிசையில் முதலாவதான நீக்குதல் வகையைச் சேர்ந்ததே.

பட்டாசு அறையில் ஐந்து வழிகள்

இவ்வரிசையை இன்றைய பட்டாசுத் தொழிலுக்குப் பொருத்திப் பார்ப்போம். குளோரேட்டும் கந்தகமும் கலந்த மருந்து உராய்வுக்கும் அதிர்வுக்கும் மிக எளிதில் தீப்பற்றும். அக்கலவையை இந்திய அரசு 1992 ஆம் ஆண்டில் தடைசெய்தது. அதற்கு ஈடாக நைட்ரேட் உப்புகள் வழங்குகின்றன. இது நீக்குதலும் மாற்றுதலும் ஆகும்.

அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வெப்பம் வளரும். நனைந்த மருந்து அணைந்த மருந்து என்று எண்ணுவது இதனால் பெருந்தவறு. சிறிதளவு போரிக் அமிலம் சேர்த்தால் இவ்வினை மட்டுப்படும். பட்டாசு ஆலையில் வேதியியல் அறிவு உயிர்காக்கும் அறிவாகும் இடங்களுள் இது ஒன்று.

அடுத்தது தடுத்தல். பட்டாசு ஆலைகளில் ஒரே பெரிய கட்டடம் இருப்பதில்லை. இடைவெளி விட்டுச் சிறு சிறு அறைகளாகக் கட்டுகிறார்கள். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் இருக்கும். ஓர் அறை போனாலும் மறு அறை நிற்க வேண்டும். உள்ளிருப்பவர் ஓட வழி இருக்க வேண்டும் என்பதே நோக்கம். தரையில் இரப்பர் விரிப்பு இடுவதும், தீப்பொறி எழுப்பாத மரக்கருவிகளையும் பித்தளைக் கருவிகளையும் பயன்படுத்துவதும், உடலில் ஏறிய நிலைமின்னூட்டத்தைத் தரைக்குக் கடத்த அறை வாயிலில் உலோகத் தகடு பதிப்பதும் இவ்வகையினவே.

அதன்பின் வருவது விதிமுறை. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்னும் வரம்பு, கலந்த மருந்தை அன்றன்றே பயன்படுத்தித் தீர்த்தல், வெயில் ஏறுவதற்கு முன் கலவை வேலையை முடித்தல் ஆகியவை இதில் அடங்கும். இறுதியாகத் தற்காப்பு. நைலான் போன்ற செயற்கை இழைத் துணியில் நிலைமின்சாரம் எளிதில் தேங்கும். ஆகவே பருத்தி ஆடையே உடுத்த வேண்டும். இதுவும் முக்கியமே. ஆனால் அறையில் மருந்து அளவுக்கு மீறிக் குவிந்திருக்கும்போது பருத்திச் சேலை எவரையும் காப்பாற்றாது.

கவனக்குறைவு என்னும் சொல்

விபத்துச் செய்திகளில், 'மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம்' என்னும் வாக்கியத்தை அடிக்கடி படிக்கிறோம். இது பொய்யன்று; ஆனால் பாதி உண்மை. மருந்து என்றால் உராய்வு இருக்கத்தான் செய்யும். அதற்குமேல் ஏன், ஏன் என்று கேட்டுச் செல்ல வேண்டும். ஏன் அவசரமாகக் கலந்தார்? எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஏன் அறையில் வரம்புக்கு மேல் ஆட்கள் இருந்தனர்? தீபாவளி நெருங்குகிறது. ஏன் மரத்தடியில் வேலை நடந்தது? அறைகள் போதவில்லை. ஏன் மேற்பார்வை இல்லை? உரிமம் ஒருவர் பெயரில், ஆலை உள்குத்தகையில் வேறொருவர் கையில். இவ்வாறு கேட்டுக்கொண்டே போனால், தொழிலாளியின் கையில் தொடங்கிய காரணம் கணக்குப் புத்தகத்தில் போய் முடிவதைக் காணலாம்.

தொழிலாளிக்குக் கவனம் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. கவனம் கட்டாயம் வேண்டும். ஆனால் எட்டு மணி நேரமும், ஆண்டு முழுவதும் ஒரு நொடிகூடத் தவறாத கவனம் மனித இயல்பில் இல்லை. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாயின் மனம் வேலையில் முழுமையாக நிற்குமா? ஒரு நொடி மனம் சிதறினால் உயிர் போகும் என்னும்படி ஒரு வேலையை அமைத்திருந்தால், குற்றம் மனத்தில் இல்லை, அமைப்பில் உள்ளது.

1984 ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் போபாலில் நிகழ்ந்த பேரழிவும் இதனையே உணர்த்துகிறது. பூச்சிக்கொல்லி ஆலையின் தொட்டி ஒன்றில் இருந்த மெதில் ஐசோசயனேட்டில் தண்ணீர் புகுந்தது. வெப்பமும் அழுத்தமும் ஏறி நச்சுவாயு வெளியேறியது. அதனைத் தடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் அங்கு இருந்தன. தொட்டியைக் குளிரூட்டும் இயந்திரம் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிடும் கோபுரம் குழாய்ப் பழுதினால் இயங்கவில்லை. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தடுப்பு இருக்கிறது என்பது வேறு, தடுப்பு வேலை செய்கிறது என்பது வேறு என்னும் பாடத்தை இவ்வளவு உயிர்களைக் கொடுத்து இந்தியா கற்றது.

அப்பேரழிவின் விளைவாக, 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம அளவில் இடம்பெறும் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும், உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி கருதினால் அதனை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமை உண்டு என்றும் அத்திருத்தம் வகுத்தது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2020 ஆம் ஆண்டில் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தின் பெயர் மாறலாம். ஆபத்தைக் கண்ட தொழிலாளி அஞ்சாமல் வாய் திறக்க முடிகிறதா என்பதே எக்காலத்துக்கும் உரிய உரைகல்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

இம்முறையைப் பழக ஆலைக்குப் போக வேண்டியதில்லை. நம் வேதியியல் ஆய்வுக்கூடமே போதும். ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்களாகக் கோடிடுக. முதற்கட்டத்தில் அபாயம், இரண்டாவதில் யாருக்கு, எவ்வாறு தீங்கு நேரும் என்பது, மூன்றாவதில் இப்போதுள்ள தடுப்பு, நான்காவதில் இனிச் செய்ய வேண்டியது, அதைச் செய்பவர் யார், எந்த நாளுக்குள் என்பது.

எடுத்துக்காட்டாக, பிப்பெட்டில் அமிலத்தை வாயால் உறிஞ்சும் பழக்கத்தைக் கொள்வோம். தீங்கு, அமிலம் வாய்க்குள் செல்லுதல். இருக்கும் தடுப்பு, 'பார்த்து உறிஞ்சு' என்னும் அறிவுரை. செய்ய வேண்டியது, இரப்பர் குமிழ் வாங்கிப் பொருத்துதல். மாணவனின் எச்சரிக்கையை நம்பியிருந்த பாதுகாப்பு, சிறு விலையுள்ள ஒரு கருவிக்கு மாறிவிடுகிறது. அவ்வாறே ஈதர் குப்பியின் அருகே எரியும் பன்சன் விளக்கு, பெயர்ச்சீட்டு உரிந்த குப்பி, மூட்டைகள் அடுக்கி மறைக்கப்பட்ட பின்வாசல், விடுதிச் சமையற்கூடத்தின் எரிவாயுக் குழாய் என்று எழுதிக்கொண்டே போகலாம். எழுதும்போது ஆய்வுக்கூட உதவியாளரையும் சமையற்காரரையும் கேட்டு எழுத வேண்டும். நாம் வாரத்தில் இரு நாட்கள் செல்லும் இடத்தில் அவர்கள் நாள் முழுவதும் இருக்கிறார்கள்.

நான்காவது கட்டத்தை நிரப்பாத தாள் வெறும் தாளே. பெயரும் நாளும் குறிக்கப்படாத கடமை எவருடைய கடமையும் ஆகாது. ஒருமுறை நிரப்பிப் பெட்டியில் பூட்டி வைப்பதாலும் பயனில்லை. புதிய பொருள் வந்தால், புதிய ஆள் சேர்ந்தால், ஒரு விபத்து மயிரிழையில் தப்பினால், அத்தாளை மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

அபாயத்தை அறிதலுக்குக் கண்ணும் காதும் வேண்டும். இடரை அளத்தலுக்குக் கணக்கு வேண்டும். அதனை அடக்குதலுக்கு மனம் வேண்டும். முதலிரண்டும் இருந்தும் மூன்றாவது இல்லாமையால் தீக்குச்சித் தொழிலாளர் அறுபது ஆண்டுகள் துன்புற்றதைக் கண்டோம். மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது ஒரு கொடிய நோய் உலகிலிருந்து ஏறத்தாழ மறைந்ததையும் கண்டோம்.

இக்கல்லூரியில் பயிலும் நம்மில் சிலர் நாளை ஆலைகளில் வேதியியலாராகவோ மேற்பார்வையாளராகவோ பணியாற்றுவோம். சிலர் தொழிற்சாலை ஆய்வாளராகலாம்; சிலர் சொந்தத் தொழில் தொடங்கலாம். ஒரு நாள் நம் மேசைக்கு ஒரு கேள்வி வரும்: சுவர் கட்டுவதா, முகமூடி வாங்கிக் கொடுப்பதா? அவ்வேளையில் செலவுக் கணக்கை மட்டும் பாராமல், அவ்வறைக்குள் அமர்ந்து வேலை செய்யப் போகிறவரையும் அழைத்து அமர வைத்து, அவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்வோமாக. நாம் பெறும் பட்டம் அதற்கேனும் பயன்படட்டும்.